கணக்கெடுப்பில் பிறந்த பெயர்

மக்கட்கணக்கு எடுக்கும் அலுவலர் நம் இல்லத்து வாயிலுக்கு வருங்கால், குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் தொகை, தாய்மொழி என்று வரிசையாக வினவி எழுதிக்கொள்கிறார். தாய்மொழி தமிழ் என்று நாம் விடை பகர்கிறோம். பின்னர் வெளிவரும் அறிக்கையிலே, இன்ன மாநிலத்தில் தமிழ் பேசுவோர் இத்தனை பேர் என்று ஓர் எண் காணப்படும். அவ்வெண்ணுக்குள்ளே நாமும் அடங்கியிருக்கிறோம். ஆயின் நம் பெயர் அங்கே இல்லை. எண்ணுக்குள் மறைந்துபோகும் பெயர்களைப் பற்றி இத்திங்கள் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பதிவேடுகளிடையே நாட்களைக் கழிக்கும் எழுத்தராகிய நமக்கு எண்ணின் பயன் தெரியாததன்று. எண் இன்றி வண்டி ஓடாது, சம்பளமும் வாராது. எனினும், மனிதன் எண்ணாக மட்டும் இருந்து மறைவதற்கும், தன் பெயரால் அறியப்பட்டு வாழ்வதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. அவ்வேற்றுமையைத் தம் வாழ்க்கையாலே காட்டிய ஓவியர் ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜன்கட் சிங் ஷ்யாம். மக்கட்கணக்கெடுப்பை இந்தியில் 'ஜன்கணனா' என்பர். கணக்கெடுப்பு நடந்த காலத்தை ஒட்டிப் பிறந்த குழந்தையாதலின், அச்சொல்லின் சாயலில் 'ஜன்கட்' என்று பெயரிட்டனர் என்று சொல்லுவர். தலைகளை எண்ண வந்தவர்களால் கிடைத்த அப்பெயர், பின்னாளில் ஓர் ஓவிய மரபுக்கே பெயராகி நிலைத்துவிட்டது.

அவர் பிறந்தது 1960-களின் தொடக்கத்தில். ஊர் பாடன்கட். நருமதை ஆற்றின் மேற்பகுதியில் மலையும் காடும் சூழ்ந்த சிற்றூர் அது. அந்நாளில் மண்டலா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று திண்டோரி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. பழங்குடி மக்களின் வாழ்வை ஆராய்ந்த வெரியர் எல்வின் என்னும் அறிஞர் 1940-களில் அவ்வூரில் வாழ்ந்திருந்தார். எனவே நூலோர்க்கு அவ்வூரின் பெயர் முற்றிலும் புதிதன்று. ஆயினும் அங்குள்ள சுவர்களில் யார் என்ன வரைகின்றனர் என்று வெளியுலகம் கேட்டதில்லை.

ஜன்கட் பிறந்த குடி கோண்டு இனத்துள் பர்தான் என்னும் பிரிவாகும். சங்க காலத்துப் பாணர் யாழேந்திப் புரவலரை நாடிச் சென்றதை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். பர்தான்கள் ஏறத்தாழ அத்தகைய குடியினர். 'பானா' என்னும் மூன்று நரம்புடைய இசைக்கருவியை மீட்டி, கோண்டுப் புரவலர் வீடுகளுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சென்று, அவர்தம் குலமுறையையும் பழைய அரசர்தம் பெருமையையும் தெய்வக் கதைகளையும் பாடுவர். புரவலர் தானியமும் துணியும் கால்நடையும் ஈந்து அனுப்புவர். சாஜா மரத்தடியில் பானாவை மீட்டினால் படா தேவ் என்னும் பெருந்தெய்வம் விழித்தெழும் என்பது அவர்தம் நம்பிக்கை. காலம் மாறிற்று. கோண்டு அரசுகள் மறைந்தன, உழவரும் வறியராயினர், பாடுவோரை அழைக்கும் வீடுகள் குறைந்தன. பாணர் மக்கள் மண்வெட்டியையும் கூடையையும் கையில் எடுத்தனர்.

ஜன்கட்டின் இளமையும் அவ்வறுமையிலேதான் கழிந்தது. பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது. எருமை மேய்த்தார்; பக்கத்து ஊர்களுக்குப் பால் கொண்டுபோய் விற்றார். பதினாறாம் வயதை ஒட்டி நன்குசியா என்னும் நங்கையை மணந்தார். ஓவியக் கல்லூரி என்பது ஒன்று உண்டென்று அறியும் வாய்ப்பும் அவருக்கில்லை. ஆனால் அவர் வாழ்ந்த ஊரே ஓர் ஓவியக்கூடமாக இருந்தது. அவ்வூர்ப் பெண்டிர் விழாக் காலங்களிலும் மணக் காலங்களிலும் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகிய தரையிலும் சுவரிலும் 'திக்னா' என்னும் கோலங்களை இடுவர். நம் இல்லத்துப் பெண்டிர் கோலமிடுவதை ஒத்த வழக்கம் அது. சுவரின்மேல் மண்ணைப் புடைக்க வைத்து விலங்குகளையும் பறவைகளையும் உருவாக்கும் வழக்கமும் அங்குண்டு. காவி மண், மஞ்சள் மண், வெள்ளை மண், கரி ஆகியவையே வண்ணங்கள். அவற்றைக் கண்டும் செய்தும் வளர்ந்தவர் ஜன்கட். அவருடைய முதற்படைப்புகள் யாவும் இத்தகைய சுவர்ச் சித்திரங்களே. மழை பெய்தால் கரைந்துபோகும்; மறுவிழாவில் மெழுகி மறைக்கப்படும். அவற்றின்கீழ்ப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஊரில் யார் வரைந்ததென்று யாவர்க்கும் தெரியும். வெளியிலோ ஒருவர்க்கும் தெரியாது.

இங்கே நம்மவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். ஜகதீஷ் சுவாமிநாதன் என்பவர் 1928ஆம் ஆண்டில் சிம்லாவிலே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளைப் போன்றே, தமிழ்நாட்டை விட்டு நெடுந்தொலைவில் வளர்ந்தவர். அரசியலிலும் பத்திரிகைத் தொழிலிலும் ஈடுபட்டுப் பின்னர் ஓவியராகி, தில்லியிலே பெரும்பெயர் பெற்றார். போபால் நகரில் மத்தியப் பிரதேச அரசாங்கம் பாரத் பவன் என்னும் கலைமனையை அமைத்தபொழுது, அதன் ஓவியச் சிற்பப் பகுதியாகிய ரூபங்கரைப் பொறுப்பேற்று நடத்த அவரை அழைத்தது. நகரத்து ஓவியர்தம் படங்களை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு அவர் அமைதி பெறவில்லை. இளம் ஓவியர்களைக் குழுக்களாகப் பிரித்து மாநிலத்தின் காடுகளுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பினார். ஆங்காங்கு மக்கள் படைப்பனவற்றைக் கண்டு தேடிக் கொணர்க என்று பணித்தார்.

அவ்வாறு சென்ற குழு ஒன்று 1981ஆம் ஆண்டில் பாடன்கட்டை அடைந்தது. ஒரு வீட்டுச் சுவரிலே அனுமன் உருவம் வரையப்பட்டிருந்ததை அக்குழுவினர் கண்டனர். இதை வரைந்தவர் யார் என்று வினவினர். இருபது வயதை ஒட்டிய ஜன்கட்டைக் காட்டினர் ஊரார். நம் கருத்தில், இவ்வரலாற்றின் உயிர்நிலை அவ்வினாவே ஆகும். அச்சுவரைக் கடந்து சென்றோர் எத்தனையோ பேர். சித்திரம் அழகியது என்று சொல்லிச் சென்றோரும் இருந்திருப்பர். வரைந்தவர் பெயரைக் கேட்டவர் அன்று வந்தவர்களே.

சுவாமிநாதன் ஜன்கட்டைப் போபாலுக்கு வருவித்துத் தம் இல்லத்தருகே தங்க இடமளித்தார். தாளும் கடைவண்ணங்களும் அவர் கைக்கு வந்தன. மண்ணின் மங்கிய நிறங்களையே அறிந்த அவர், கண்ணைப் பறிக்கும் அவ்வண்ணங்களை முதன்முதல் தொட்டபொழுது உடல் சிலிர்த்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். சுவரில் பெரிதாக வரைந்து பழகிய கை தாளுக்கேற்பப் புதுவழி கண்டது. உருவத்தின் புறக்கோட்டை வரைந்து, அதன் உட்புறத்தை நுண்ணிய புள்ளிகளாலும், சீப்பின் பற்களைப் போன்ற சிறு கோடுகளாலும் நிரப்பலானார். மானின் கொம்பு மரமாகத் தழைக்கும். மரத்தில் பறவையும் பாம்பும் ஓடும். புலி பாயும் நிலையிலே அதன் உடலெங்கும் புள்ளிகள் அதிரும். அப்புள்ளிகளின் மூலம் அவ்வினப் பெண்டிர் உடலில் குத்திக்கொள்ளும் பச்சையே என்பார் சிலர். தெய்வம் ஏறியவர் உடலில் காணும் நடுக்கமே என்பார் சிலர். எங்ஙனமாயினும், அக்கை யாரிடமும் பாடம் கேட்ட கை அன்று.

அவர் செய்த மற்றொரு செயல் இதனினும் பெரிது. பர்தான்களின் தெய்வங்கள் பாட்டிலே வாழ்ந்தவை; அவற்றுக்கு வரைந்த உருவம் இல்லை. பாட்டன்மார் பானாவை மீட்டி எவ்வெத் தெய்வத்தைப் பாடினரோ, அவ்வத் தெய்வத்துக்குப் பேரன் தாளிலே உருவம் தந்தார். பாடல் கேட்பார் குறைந்த காலத்தில் அப்பாடலே சித்திரமாக மாறிற்று. குலத்தொழில் அழிந்தது என்று அழுதிருந்தால் அது அழிந்தே போயிருக்கும். அது வேறு வடிவில் வாழ அவர் வழி செய்தார்.

பாரத் பவன் 1982ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது. ஜன்கட்டின் ஓவியங்கள் அங்கே இடம்பெற்றன. அதுகாறும் இத்தகைய படைப்புகளைப் பொருட்காட்சி சாலைகளில் வைப்போர், இன்ன இனத்தார் செய்தது என்று இனத்தின் பெயரை மட்டும் எழுதி வைப்பது பெருவழக்காயிருந்தது. செய்தவனுக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் ஒன்று உண்டென்னும் நினைவே எழாது. சுவாமிநாதனோ கல்லூரியில் பயின்ற ஓவியரையும் காட்டூர் ஓவியரையும் ஒரே கூரையின்கீழ் ஒப்ப வைத்தார். ஜன்கட் வரைந்ததன் அருகே ஜன்கட்டின் பெயரே நின்றது. அக்கலைமனையின் அச்சோவியப் பிரிவிலே அவருக்குப் பணியும் கிடைத்தது. 1986இல் மாநில அரசாங்கத்தின் 'சிகர் சம்மான்' விருது வந்தது. 1989இல் பாரிஸ் மாநகரில், உலகின் பல நாட்டுக் கலைஞரையும் கூட்டி நடத்திய 'மண்ணின் மந்திரவாதிகள்' என்னும் பெருங்காட்சியில் அவர் பங்கு பெற்றார். போபாலில் எழுந்த புதிய சட்டமன்றக் கட்டிடத்தின் சுவரிலும் அவர் கை ஓவியம் அமைந்தது. பால் விற்ற பிள்ளை இந்நிலையை எய்தினார்.

புகழ் வந்தபின் உறவினரை மறப்பாரும் உளர். ஜன்கட் அவ்வாறல்லர். போபாலில் அவர் வாழ்ந்த வீடு ஊரிலிருந்து வருவோர்க்கெல்லாம் சத்திரமாயிற்று. உடன்பிறந்தார் மக்களும் மனைவியின் உறவினரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். அவர்கட்குச் சோறிட்டு, தூரிகையைக் கையில் கொடுத்து, தம் ஓவியங்களிலே புள்ளியிடவும் வண்ணம் நிரப்பவும் பழக்கினார். கை தேறியபின் தாமே தனித்து வரையுமாறு ஊக்கினார். நம்மவரும் இவ்வாறன்றோ ஊர் விட்டு ஊர் வந்தோம்? முன்னே வந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, அவர் காட்டிய அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டுத்தானே நம்முள் பலர் காலூன்றினோம்?

அவ்வாறு வந்தவருள் ஒருவர் அவர் உறவினரான பஜ்ஜு ஷ்யாம். அவர் போபாலில் இரவுக் காவலராகவும் மின்தொழிலாளியாகவும் உழைத்து வந்தார். ஜன்கட் அவரை அழைத்து ஓவியப் பணியில் சேர்த்துக்கொண்டார். பின்னர் இலண்டன் நகரில் ஓர் உணவுவிடுதியின் சுவர்களில் சித்திரம் எழுதச் சென்ற பஜ்ஜு, அந்நகரைத் தாம் கண்டவாறே வரைந்தார். மணிக்கூண்டு அவருக்குப் பொழுதுணர்த்தும் சேவலாகத் தோன்றிற்று. நிலத்தடியே ஓடும் இரயில்வண்டி மண்புழுவாகத் தோன்றிற்று. அவ்வோவியங்களை நம் சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ் 2004இல் நூலாக வெளியிட்டது. 2018இல் பஜ்ஜுவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஓவிய மரபைச் சேர்ந்த துர்காபாய் வியாம் என்னும் அம்மையார் 2022இல் அவ்விருதைப் பெற்றார்.

இனிக் கூறவேண்டுவது துயரமானது. எனினும் கூறாது விடுதல் தகாது. ஜன்கட் ஜப்பான் நாட்டுக்கும் ஓவியப் பணிக்காகச் சென்று வந்தவர். முதற்பயணத்தை ஒட்டிப் பிறந்த மகளுக்கு 'ஜப்பானி' என்றே பெயரிட்டு மகிழ்ந்தார். 2001ஆம் ஆண்டில் அந்நாட்டின் நீகாட்டாப் பகுதியிலுள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரையச் சென்றார். சென்றவர் திரும்பவில்லை. ஜூலைத் திங்களில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது. வயது நாற்பதை ஒட்டியிருந்தது. நடந்ததை ஆராய்ந்து விளக்குக என்று நம் நாட்டுக் கலைஞர் பலர் குரலெழுப்பினர். மொழி தெரியாத நாட்டில், உற்றாரைப் பிரிந்து, குறித்த வேலையை முடிக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டில் ஒரு மனிதன் தனித்திருந்தான் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. பல நாட்டுச் சுவர்களில் அவன் பெயர் இருந்தது. அத்தனிமையில் பெயர் சொல்லி அழைக்க அருகில் ஒருவரும் இல்லை.

ஊர் விட்டு வந்தவர்களாகிய நாம் இதனை ஏதோ ஓர் ஓவியர் கதை என்று படித்து ஒதுக்குதற்கில்லை. திறமையைக் கண்டு பாராட்டுவது ஒன்று. பாராட்டப்பட்டவரைக் காப்பது மற்றொன்று. முன்னதை உலகம் விரைந்து செய்கிறது, பின்னதை மறந்துவிடுகிறது. நம் பிள்ளைகளும் தம்பியரும் இந்நாளில் கடல் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். ஒப்பந்தத்தை அறிந்தவர் ஒருவரைக் கொண்டு முழுதும் படித்துப் பொருள் கேட்டபின்னரே கையொப்பமிடச் சொல்லுங்கள். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டு அவரவர் கையிலேயே இருத்தல் வேண்டும். அந்நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள். யாவற்றினும் மேலாக, தொலைவில் உள்ளவர், மனம் சரியில்லை, ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னால், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கடன் பிறகு அடையும். ஆள் வந்து சேரட்டும்.

ஜன்கட்டின் மறைவோடு அவர் பணி நின்றுவிடவில்லை. மனைவி நன்குசியா வரைந்தார். மகன் மயங்கும் மகள் ஜப்பானியும் ஓவியராயினர். உறவினர் பலர் இக்கலையால் வாழ்கின்றனர். அம்முறைக்கு அறிஞர் இட்ட பெயர் 'ஜன்கட் கலம்' என்பது. கலம் என்பது எழுதுகோல், அதாவது ஓவிய நடை. அரசர் அவைகளிலே வளர்ந்த பழைய ஓவிய முறைகளுக்கு ஊரின் பெயரை இட்டு இவ்வாறு வழங்குவதுண்டு. எருமை மேய்த்த ஒருவரின் சொந்தப் பெயரால் ஒரு முறை வழங்குவது பெருஞ்சிறப்பன்றோ?

முடிவாக, நம் இல்லத்துக்கும் சங்கத்துக்கும் உரிய ஒன்றைக் கூறி அமைகிறோம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களைப் புரட்டினால், பொங்கல் விழாவிலும் நவராத்திரியிலும் இட்ட கோலங்களின் படங்கள் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். கீழே 'மகளிர் இட்ட கோலம்' என்றிருக்கும். பக்கத்திலேயே தலைவர், செயலாளர், பொருளாளர், சிறப்பு விருந்தினர் பெயர்கள் பட்டங்களோடு நிறைந்திருக்கும். விடியற்காலையில் எழுந்து, இடுப்பொடியக் குனிந்து, நூற்றுக்கணக்கில் புள்ளி வைத்து, ஒரு கோடும் பிசகாமல் இழுத்த அம்மையார் யார்? அவர் எந்த ஊரில் யாரிடம் கற்றார்? பாட்டியிடம் கற்றாரெனில் அப்பாட்டியின் பெயர் என்ன? ஒருவரும் கேட்டதில்லை. கேளாமையால் எழுதவும் இல்லை. பாடன்கட்டின் சுவரருகே நின்று ஒருவர் கேட்ட வினாவை நாம் நம் வாயிற்படியில் நின்று கேட்கலாகாதா?

ஆகவே, எதிர்வரும் விழாவிலிருந்து கோலத்தின் அருகே இட்டவர் பெயரைச் சிறு அட்டையில் எழுதி வைக்கவும், மலரில் படத்தோடு அப்பெயரை அச்சிடவும் வேண்டுமென்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. குழந்தைகள் காகிதத்தில் கிறுக்கும் படங்களுக்கும் இவ்விதியே ஆகுக. பழங்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்த யானையாயினும், பெயரும் தேதியும் எழுதச் செய்து பெட்டியில் வையுங்கள்.

சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ஓடும் வண்டிகள் பல போபால் வழியே செல்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்கள் ஒருநாள் அங்கே இறங்க இயலுமாயின், பெரிய ஏரியின் கரையிலுள்ள பாரத் பவனைப் பிள்ளைகளோடு சென்று காணுங்கள். அதனை அடுத்த ஷ்யாமளா குன்றின்மேல் பழங்குடியினர் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. ஓவியத்தைக் கண்டு வியந்தபின், அதன் அருகே எழுதியுள்ள பெயரைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.